வலது சொடுக்கில் மூடிக்கொண்ட ஃபைல் எக்ஸ்ப்ளோரர்: நான் சரிசெய்த விதம்

என் கணினியில் ஏதேனும் ஒரு கோப்பின்மீது சுட்டியின் வலது பொத்தானை அழுத்தினால், பட்டியல் விரிவதற்குப் பதிலாகத் திறந்திருந்த கோப்புறைச் சாளரங்கள் அனைத்தும் ஒருசேர மூடிக்கொண்டன. கீழிருந்த டாஸ்க்பாரும் டெஸ்க்டாப்பில் இருந்த ஐகான்களும் சில நொடிகள் மறைந்து, பின்னர் தாமாகவே திரும்பி வந்தன. சில நாள்களில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது: ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தவுடன் அது உறைந்துபோய், முகவரிப் பட்டையில் பச்சைக் கோடு ஊர்ந்து செல்வதையே அரை நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. இரண்டும் ஒரே கோளாறின் இரு வடிவங்கள் என்று நான் நம்பிவிட்டேன். என் நேரத்தில் பெரும்பகுதியை வீணாக்கியது அந்த நம்பிக்கைதான்.

விண்டோஸில் கோப்புகளைக் காட்டும் அதே எக்ஸ்ப்ளோரர் நிரல்தான் டெஸ்க்டாப்பையும் டாஸ்க்பாரையும் இயக்குகிறது. ஆகவேதான் அது விழும்போது அவையும் உடன் விழுகின்றன. இதை அறிந்தபின், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'வியூ' பகுதிக்குச் சென்று, கோப்புறைச் சாளரங்களைத் தனிச் செயல்முறையில் திறப்பதற்கான தெரிவை முதலில் இயக்கினேன். இது கோளாறைத் தீர்க்காது; ஆனால் சாளரம் மூடிக்கொண்டாலும் டாஸ்க்பார் நிலைத்து நின்றதால், பதற்றமின்றி ஆராய முடிந்தது.

அடுத்து, கணினியில் நிகழ்பவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் 'அப்ளிகேஷன்' பகுதியைப் பார்த்தேன். ஒவ்வொரு முறை மூடிக்கொண்டபோதும், ஒரு நிரல் பிழையால் திடீரென நின்றுபோனதைக் குறிக்கும் நிகழ்வு எண் 1000 கொண்ட ஒரு பதிவு அங்கே இருந்தது. பிழை நேர்ந்த இடமாக அது 'என்டிடிஎல்எல்' என்னும் விண்டோஸின் அடிப்படைக் கோப்பைக் குறிப்பிட்டது. கணினியின் கோப்புகளே கெட்டுவிட்டன என்று முடிவுகட்டி, நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, விண்டோஸின் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன் ஓட்டினேன். அது எந்தக் குறையும் இல்லை என்றது. விண்டோஸைப் பழுதுபார்க்கும் டிஸ்ம் கட்டளையையும் ஓட்டினேன். சிறுபடங்களின் தற்காலிகச் சேமிப்பையும் டிஸ்க் கிளீனப் மூலம் அழித்தேன். எதனாலும் பயனில்லை. ஒரு நிரல் நினைவகத்தில் தனக்குரியதல்லாத இடத்தில் எழுதிவிட்டால், அந்தச் சேதம் பெரும்பாலும் பிற்பாடு வேறோர் இடத்தில்தான் வெளிப்படும். அந்த இடமாகப் பல வேளைகளில் அமைவது இந்த அடிப்படைக் கோப்பு. பதிவில் காணும் பெயர் விழுந்த இடத்தைச் சொல்கிறதே தவிர, தள்ளிவிட்டவரைச் சொல்வதில்லை என்பது எனக்கு அப்போது புரிந்திருக்கவில்லை.

உண்மையான தடயம் தற்செயலாகக் கிடைத்தது. ஆவணம் எழுதும் மென்பொருளில் 'ஓப்பன்' சாளரத்தைத் திறந்து ஒரு கோப்பின்மீது வலது சொடுக்கியபோது, இம்முறை மூடிக்கொண்டது அந்த மென்பொருள்; எக்ஸ்ப்ளோரருக்கு ஒன்றும் நேரவில்லை. அப்படியானால் இரண்டு நிரல்களுக்குள்ளும் பொதுவாகப் புகும் ஏதோ ஒன்றே காரணமாக இருக்க வேண்டும் என்று உறுதியாயிற்று. கோப்புகளைச் சுருக்கும் கருவிகள், வைரஸ் தடுப்பான்கள், மேகச் சேமிப்பு மென்பொருள்கள் போன்றவை நிறுவப்படும்போது வலது சொடுக்குப் பட்டியலில் தம் கட்டளைகளைச் சேர்ப்பதற்காக 'ஷெல் எக்ஸ்டென்ஷன்' எனப்படும் துணைநிரல்களைப் பதிவுசெய்து வைக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை தனியே இயங்காமல், பட்டியலை விரிக்கும் நிரலின் உள்ளேயே ஏற்றப்படுகின்றன. ஆகவே ஒன்று பழுதானாலும் அதைத் தாங்கிய நிரல் முழுவதும் சாய்ந்துவிடுகிறது.

நிர்சாஃப்ட் வழங்கும் 'ஷெல்எக்ஸ்வியூ' என்னும் இலவசக் கருவி இத்துணைநிரல்களை எல்லாம் ஓரிடத்தில் பட்டியலிட்டு, மைக்ரோசாஃப்டுடையவை அல்லாதவற்றை இளஞ்சிவப்புப் பின்னணியில் காட்டுகிறது. என் கணினியில் அவ்வாறு 22 இருந்தன. மைக்ரோசாஃப்டின் துணைநிரல்களை நான் தொடவேயில்லை. அவற்றை முடக்குவது புதிய சிக்கல்களை இழுத்துவிடும். 22-ஐயும் முடக்கி, டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை மறுதொடக்கம் செய்தபோது வலது சொடுக்கு ஒழுங்காக வேலை செய்தது. பிறகு பாதியை இயக்கிப் பார்த்தேன். கோளாறு திரும்பவில்லை என்றால் குற்றவாளி மறுபாதியில் இருக்கிறது என்று பொருள். இவ்வாறு பாதிபாதியாகக் குறைத்துக்கொண்டே போனதில், ஐந்தாவது சுற்றில் ஒன்றே ஒன்று எஞ்சியது: பல ஆண்டுகளுக்கு முன் நிறுவி மறந்துபோன, கோப்புகளைச் சுருக்கும் ஒரு கருவியின் துணைநிரல். ஒவ்வொன்றாகச் சோதித்திருந்தால் இருபது தடவைக்கு மேல் மறுதொடக்கம் செய்ய நேர்ந்திருக்கலாம். அக்கருவியை நீக்கிவிட்டு, மற்ற 21-ஐயும் மீண்டும் இயக்கினேன்; மூடிக்கொள்ளும் தொல்லை அத்துடன் நின்றது.

ஆனால் உறைந்து நிற்பது நிற்கவில்லை. அப்போதுதான் நிகழ்வுப் பதிவுகளை மறுபடி கவனமாகப் படித்தேன். உறைந்த வேளைகளில் பதிவானது எண் 1000 அன்று, பதிலளிக்காமல் தொங்கும் நிரலைக் குறிக்கும் எண் 1002. இரண்டு நோய்களுக்கு நான் ஒரே மருந்தைத் தேடியிருந்தேன். ஒரு நிரல் தொங்குகிறது என்றால் பெரும்பாலும் எதற்கோ காத்திருக்கிறது என்று பொருள். எதற்காக என்று அறிய, வைஃபையைத் துண்டித்துவிட்டு எக்ஸ்ப்ளோரரைத் திறந்தேன். நொடியில் திறந்தது. வலையமைப்பில் முன்பு இணைத்திருந்த வேறொரு கணினியின் கோப்புறையை, எக்ஸ்ப்ளோரரின் விரைவு அணுகல் பட்டியலான குயிக் ஆக்சஸில் பொருத்தி வைத்திருந்தேன். அந்தக் கணினி இப்போது இல்லை. எக்ஸ்ப்ளோரர் திறக்கும்போதெல்லாம் அதைத் தேடிப் போய், விடை வராமல், கெடு முடியும்வரை காத்திருந்திருக்கிறது.

அந்தக் கோப்புறையைக் குயிக் ஆக்சஸிலிருந்து விடுவித்தேன். பயனற்றுக் கிடந்த வலையமைப்பு டிரைவின் இணைப்பையும் துண்டித்தேன். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் பழைய வரலாற்றை அழித்து, எக்ஸ்ப்ளோரர் 'திஸ் பிசி'யில் திறக்குமாறும் மாற்றினேன். பின்னர் இரண்டு வாரங்கள் ஈவென்ட் வியூவரை நாள்தோறும் பார்த்து வந்தேன். எக்ஸ்ப்ளோரரின் பெயரில் 1000-உம் வரவில்லை, 1002-உம் வரவில்லை. தனிச் செயல்முறைத் தெரிவை அதன் பிறகே அணைத்தேன்.