நல்ல கறி கப்பலுக்கு, மிச்சம் ஊருக்கு: கார்க் நகரத்துத் தெருவும் சாப்பாடும்

அயர்லாந்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் டப்ளினோடு திரும்பிவிடுகிறார்கள். சாப்பிடத்தான் போகிறோம் என்றால் தெற்கே கார்க் நகருக்கு ரயில் ஏறுவதே சரி. டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து கென்ட் நிலையத்துக்கு இரண்டரை மணி நேரம். விமானத்தில் வந்தால் 226ஆம் எண் பேருந்து ஊருக்குள் கொண்டுவந்து விடும்.

ஊரின் மையம் ஒரு தீவு. லீ ஆறு மேற்கே இரண்டாகப் பிரிந்து, நகரைச் சுற்றி வந்து கிழக்கே மறுபடி சேர்கிறது. முன்பு தீவுக்குள்ளும் பல கால்வாய்கள் ஓடின. 18ஆம் நூற்றாண்டில் அவற்றை ஒவ்வொன்றாக மூடித் தெருவாக்கினார்கள். கடைவீதியான செயின்ட் பேட்ரிக்ஸ் தெரு நேராகப் போகாமல் வளைவது அதனால்தான். அடியில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. சவுத் மால் தெருவில் சில பழைய வீடுகளில் தெருமட்டத்தில் ஒரு கதவும், படியேறிப் போனால் இன்னொரு கதவும் இருக்கும். கீழ்க்கதவு படகுக்கு, மேல்கதவு மனிதருக்கு. கடல் ஏற்றமும் தென்கிழக்குக் காற்றும் சேர்ந்து வரும் நாட்களில் இந்தத் தெருக்களில்தான் முதலில் தண்ணீர் ஏறும். அக்டோபருக்குப் பிறகு போகிறவர்கள் தங்குமிடம் எடுக்கும்போது ஆற்றங்கரைத் தரைத்தளத்தைத் தவிர்ப்பது நல்லது.

இந்த ஊரின் சாப்பாடு துறைமுகத்திலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி நூறாண்டுக்கும் மேலாக, உப்பிட்ட மாட்டிறைச்சி பீப்பாய் பீப்பாயாக இங்கிருந்து பிரிட்டிஷ் கடற்படைக்கும் கரீபியத் தோட்டங்களுக்கும் போனது. நல்ல கறி கப்பல் ஏறியது. இரைப்பை, ரத்தம், கால், ஈரல், விலா எலும்பு உள்ளூர் மக்களுக்கு மிஞ்சியது. கார்க் சமையல் என்று இன்று பெருமையோடு சொல்லப்படுவதில் பாதி இந்த மிச்சத்தில் பிறந்தது.

அதைப் பார்க்க வேண்டிய இடம் இங்கிலிஷ் மார்க்கெட். 1788இல் தொடங்கியது, பிரின்சஸ் தெருப் பக்கத்து முகப்பு 1862இல் சர் ஜான் பென்சன் வடிவமைத்தது, 1980இல் தீப்பிடித்து, பிறகு புதுப்பித்தார்கள். 2011இல் எலிசபெத் அரசியார் மீன்கடைக்காரர் பேட் ஓ'கானலோடு நின்று சிரித்த படம் உலகெங்கும் சுற்றியது. அதன் பிறகு கூட்டம் கூடிவிட்டது. திங்கள் முதல் சனி வரை காலை 8 முதல் மாலை 6 வரை. ஞாயிறு கிடையாது, அரசு விடுமுறையிலும் கிடையாது. வார இறுதிப் பயணத்தில் ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கிவிட்டுப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். காலை ஒன்பதுக்கு முன் போனால் கடைக்காரர்களோடு பேச முடியும். மதியம் முழுக்கப் புகைப்படக்காரர்கள்.

அங்கே கேட்டு வாங்க வேண்டியது டிரைப்பும் டிரிஷீனும். டிரைப் மாட்டின் இரைப்பை, நம் கறிக்கடையில் போட்டி என்று கேட்டு வாங்குவது. கடையிலேயே சுத்தம் செய்து வெளுத்து, பாதி வெந்த நிலையில் கிடைக்கும். டிரிஷீன் மாட்டு ரத்தமும் ஆட்டு ரத்தமும் சேர்த்துக் குடலில் அடைத்து வேகவைத்தது. புட்டிங் எனப்படும் மற்ற ரத்தத் தொத்திறைச்சிகளில் ஓட்ஸோ பார்லியோ இருக்கும்; இதில் தானியம் இல்லாததால் கெட்டித் தயிர்போல வழுவழுப்பாக நிற்கும். பாதிப் பேர் முதல் வாயிலேயே தட்டைத் தள்ளுவதற்கு ருசியைவிட இந்தப் பதமே காரணம்.

சமைப்பது எளிது. டிரைப்பை இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி, அரைக் கிலோவுக்கு மூன்று பெரிய வெங்காயமும் மூழ்கும் அளவு பாலும் ஊற்றி, மெல்லிய தீயில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவிட வேண்டும். பிறகு வெண்ணெயில் மாவு வதக்கிக் கரைத்து விட்டால் கெட்டியாகும். உப்பையும் மிளகையும் கடைசியில் போட வேண்டும். தீ கூடினாலும் உப்பு முன்னால் விழுந்தாலும் பால் திரிந்துவிடும். டிரிஷீனைத் தோலுரித்து, வில்லையாக வெட்டி, இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன் சேர்ப்பார்கள். முன்கூட்டியே போட்டால் கரைந்து குழம்பு சாம்பல் நிறமாகிவிடும். மிளகாய் கிடையாது, மசாலா கிடையாது. காரம் பழகிய நாக்குக்கு இது பத்தியச் சாப்பாடு. சமைக்க வசதியில்லாதவர்கள் மார்க்கெட் மாடியில் இருக்கும் ஃபார்ம்கேட் உணவகத்தில் சாப்பிடலாம். கீழே நீரூற்றைப் பார்த்தபடி உட்கார இடம் வேண்டுமென்றால் பன்னிரண்டரைக்கு முன் ஏறிவிடுங்கள்.

மசாலா வாசனை வேண்டுவோருக்கு ஸ்பைஸ்டு பீஃப். கிறிஸ்துமஸ் பண்டம். தொடைக்கறியில் உப்பு, வெடியுப்பு, மிளகு, கிராம்பு, கரீபியத்து ஆல்ஸ்பைஸ் தடவி வாரக்கணக்கில் ஊறவிடுவார்கள். பச்சையாக வாங்கினால் கிலோவுக்கு ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்காத நீரில் வேகவைத்து, கனமான எதையாவது மேலே வைத்து ஆறவிட வேண்டும். சூடாக வெட்டினால் உதிரும். ஆறியபின் காகிதம்போல மெல்லிதாக நறுக்கிக் குளிராகவே சாப்பிடுவது வழக்கம்.

மாட்டிறைச்சியோ பன்றியோ சாப்பிடாதவர்கள் காலை உணவிலேயே கவனமாக இருக்க வேண்டும். கருப்புப் புட்டிங்கில் ரத்தம் உண்டு. வெள்ளைப் புட்டிங்கில் ரத்தம் இல்லை என்றாலும் அது பன்றிதான். காய்கறி சூப்பும் பல இடங்களில் கோழிச்சாற்றில் வைத்தது. கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். சைவர்களுக்கு இதே ஊரில் 1993 முதல் நடக்கும் பாரடிசோ உணவகம் இருக்கிறது. முன்பதிவு இல்லாமல் போகக்கூடாது.

ஆற்றின் வடகரையில் மேட்டுப்பகுதி ஷாண்டன். இறைச்சிக்கு அடுத்து ஊரை வளர்த்த வெண்ணெய் இங்கேதான் விற்றது. 1770இல் ஏற்பட்ட வெண்ணெய்ச் சந்தை 19ஆம் நூற்றாண்டில் உலகிலேயே பெரியது. ஒவ்வொரு பீப்பாயிலும் துளையிட்டு மாதிரி எடுத்து, முகர்ந்து பார்த்துத் தரம் எழுதினார்கள். 1924இல் மூடியது, இப்போது அருங்காட்சியகம். பக்கத்தில் 1722இல் கட்டிய செயின்ட் ஆன் தேவாலயக் கோபுரம். இரண்டு பக்கம் செந்நிறக் கல், இரண்டு பக்கம் வெண்கல். நான்கு கடிகார முகங்களும் சற்றே வெவ்வேறு நேரம் காட்டுவதால் ஊரார் வைத்த பெயர் நாலுமுகப் பொய்யன். காசு கொடுத்தால் மணியடிக்க நீங்களே கயிற்றை இழுக்கலாம். மேலே 132 படி. ஒடுக்கமானது, முதுகுப்பையோடு ஏறாதீர்கள்.

வெண்ணெய்க்குத் துணை சோடா ரொட்டி. 450 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி உப்பு, மேலே குவியாமல் சமமாகத் தட்டிய ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, 350 முதல் 400 மில்லி மோர். அங்கே மோர் என்பது கடைந்து நீர்விட்ட நம் மோர் அல்ல, கெட்டியான புளித்த பால். நீர்மோரில் செய்தால் ரொட்டி எழும்பாது. ஒரு கையால் கலந்து உடனே அடுப்பில் வைக்க வேண்டும், பிசையவே கூடாது. புளிப்பு பட்டதும் சோடா வேலையைத் தொடங்கிவிடும். தாமதித்தால் வாயு போய் கல்லாகும். ஆழமாகச் சிலுவைக் கீறல் போட்டு, 230 டிகிரியில் 15 நிமிடம், 200 டிகிரியில் 30 நிமிடம். அடியில் தட்டினால் உள்ளீடற்ற ஓசை வர வேண்டும். சோப்பு வாடை அடித்தால் சோடா அதிகம்.

இரவு பப்பில் மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள். கவுண்டரில் கேட்டு, அங்கேயே பணம் கொடுக்க வேண்டும். கருப்பு பீர் வேண்டுமென்றால் இந்த ஊரில் கின்னஸ் கேட்பதைவிட மர்ஃபிஸோ பீமிஷோ கேளுங்கள், இரண்டும் இந்த மண்ணில் பிறந்தவை. முக்கால் கோப்பை ஊற்றி நிறுத்திவிடுவார்கள். நுரை மேலேறிப் பிரிந்த பிறகுதான் மீதி. அந்த இடைவெளியில் கோப்பையைக் கையில் எடுத்துவிடாதீர்கள். சமையலறை பல பப்களில் ஒன்பது மணிக்கே மூடிவிடும். பிறகு பசித்தால் சிப்ஸ் கடைதான்: தடித்த உருளைக்கிழங்கு, உப்பு, வினிகர், கேட்டால் கறி சாஸ். அந்தச் சாஸ் இனிக்கும். தனிக் கிண்ணத்தில் வாங்குவது பாதுகாப்பு.