மதுரை சுற்றிப் பார்க்க: வரைபடத்தை விடக் கடிகாரம் முக்கியம்

சென்னையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்குள் மதுரையில் இறக்கிவிடும். இறங்கியவர்கள் அறை எடுத்து, ஒரு தூக்கம் போட்டு, குளித்து, டிபன் முடித்து மீனாட்சி கோயில் வரிசைக்கு வரும்போது பத்தரை மணி ஆகியிருக்கும். பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடுவார்கள். அம்மனைக் கும்பிட்டதோடு சரி, சுற்றிப் பார்க்க நேரமிருக்காது. திருப்பரங்குன்றமாவது போவோம் என்று ஆட்டோ பிடித்தால் அங்கும் ஒரு மணியோடு முடிந்தது. நாலு மணி வரைக்கும் வெயில்தான். "மதுரையில் கோயிலை விட்டால் என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுக் கொடைக்கானல் பஸ் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் இப்படி மாட்டிக்கொண்டவர்கள்தான்.

மதுரையில் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி 25 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். எது எப்போது திறந்திருக்கும் என்பதுதான் கணக்கு. மலைகளுக்கு விடியற்காலை, கோயில்களுக்குக் காலையும் மாலையும், திருமலை நாயக்கர் மஹாலுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் உச்சிவெயில் நேரம். இந்த வரிசையை மாற்றாமல் இருந்தால் இரண்டு முழு நாள் போதும்.

முதல் நாளைப் பெரிய கோயிலில், அதாவது மீனாட்சி கோயிலிலேயே தொடங்குங்கள். காலை ஐந்து மணிக்கெல்லாம் நடை திறந்துவிடும். ரயில் நிலையத்திலிருந்து டவுன்ஹால் ரோட்டில் நேரே நடந்தால் மேலக் கோபுரம், பத்துப் பதினைந்து நிமிஷம். ஆனாலும் அங்கே நுழையாமல் சித்திரை வீதி வழியாகக் கிழக்குப் பக்கம் வந்துவிடுவது நல்லது. கிழக்கில் இரண்டு வாசல். ராஜகோபுர வாசல் நேரே சுந்தரேசுவரர் சன்னதிக்குப் போகும். அதற்குத் தெற்கே உள்ள அஷ்டசக்தி மண்டபம் அம்மன் சன்னதிக்குப் போகும். மதுரையில் முதல் கும்பிடு மீனாட்சிக்குத்தான் என்பதால் ஊர்க்காரர்கள் அஷ்டசக்தி மண்டபம் வழியாகத்தான் போவார்கள்.

செல்போனும் கேமராவும் உள்ளே கொண்டுபோக முடியாது. 2018 பிப்ரவரியில் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு இதில் கெடுபிடி அதிகம். வாசலில் இருக்கும் காப்பகத்தில் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இதிலிருந்து இரண்டு சிக்கல்கள் வரும். ஒன்று, எந்த வாசலில் செருப்பையும் போனையும் விட்டீர்களோ அதே வாசலில்தான் வெளியே வர வேண்டும். உள்ளே நாலு திசையும் ஒரே மாதிரி இருக்கும். தெற்கு வாசலில் வெளியே வந்துவிட்டுப் பதினொரு மணி வெயிலில் சித்திரை வீதிக் கல்லில் வெறுங்காலோடு கிழக்கு வாசலுக்கு ஓடுகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். இரண்டாவது, போன் இல்லாததால் கூட்டத்தில் பிரிந்தால் கூப்பிட வழியில்லை. நுழையும்போதே "காணாமல் போனால் முக்குறுணிப் பிள்ளையார் முன்னால்" என்று சொல்லி வையுங்கள். அம்மன் சன்னதியிலிருந்து சுவாமி சன்னதிக்குப் போகிற வழியில் அத்தனை பெரிய பிள்ளையார் அவர் ஒருவர்தான், யாரும் தவற விட முடியாது. அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடை போட்டிருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

கட்டண வரிசையில் அம்மன் சன்னதிக்கு மட்டும் ஒரு சீட்டு, இரண்டு சன்னதிக்கும் சேர்த்து ஒரு சீட்டு என்று இருக்கும். சாதாரண நாளில் காலை ஆறரைக்குப் போனால் அதற்குத் தேவையே வராது. வெள்ளி, ஞாயிறு, ஐயப்ப சீசன் என்றால் வாங்கிவிடுங்கள்.

தரிசனம் முடிந்ததும் அவசரப்பட்டு வெளியேறாதீர்கள். பொற்றாமரைக் குளத்தின் தென்கரையில் நின்றால் இரண்டு தங்க விமானங்களும் கண்ணுக்குத் தெரியும். வடகரையிலிருந்து பார்த்தால் தெற்குக் கோபுரம் முழுசாக நிற்கும். 160 அடி, நாலு வெளிக் கோபுரங்களில் இதுதான் உயரம். பதினாறாம் நூற்றாண்டு வேலை. வயதில் மூத்தது கிழக்குக் கோபுரம், பதிமூன்றாம் நூற்றாண்டு. சுவாமி சன்னதிக்கு முன்னால் கம்பத்தடி மண்டபத் தூண்களைப் பொறுமையாகச் சுற்றி வர வேண்டும். பெருமாள் தாரை வார்க்கிற மீனாட்சி கல்யாணச் சிற்பம் அங்கேதான். அதன் படத்தை ஊரெங்கும் காலண்டரில் பார்த்தவர்கள்கூட நேரில் கண்டுபிடிக்காமல் போய்விடுகிறார்கள். உள்ளே வெள்ளியம்பலத்தில் நடராஜர் மற்ற ஊர் மாதிரி இடது காலைத் தூக்காமல் வலது காலைத் தூக்கி ஆடுகிறார். பாண்டியன் கேட்டதற்காகக் கால் மாறி ஆடினார் என்பது தலக்கதை. கும்பிட்ட கையோடு காலையும் பாருங்கள்.

ஆயிரங்கால் மண்டபத்துக்குத் தனிக் கட்டணம். தூண்கள் எண்ணிக்கையில் 985தான். 1569-இல் அரியநாத முதலியார் கட்டியது. சிற்பத்தில் ஆர்வம் இருந்தால் இங்கே ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் இருபது நிமிஷத்தில் சலித்துவிடும்.

எட்டரை, ஒன்பதுக்கு வெளியே வந்து டிபனை முடித்தால் அடுத்தது திருமலை நாயக்கர் மஹால். ஒன்பது மணிக்குத் திறக்கும், ஐந்து மணிக்கு மூடும். கோயிலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர்தான், நடந்தே போகலாம். கிழக்கு மாசி வீதியும் தெற்கு மாசி வீதியும் சேருகிற மூலையில் விளக்குத்தூண். கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரிவாக்கிய கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நட்டது. அகழி இருந்த வட்டம்தான் இன்றைய வெளி வீதிகள். விளக்குத்தூண் பக்கம் வந்தவர்கள் பத்துத்தூண் சந்தையும் கேட்டுப் போய்ப் பாருங்கள். ஜவுளிக்கடைகளுக்கு நடுவே வானத்தைப் பார்த்துக்கொண்டு பத்துக் கல்தூண்கள் நிற்கும். நாயக்கர் அரண்மனையின் ரங்க விலாசத்தில் மிச்சம் அதுதான். இதைப் பார்த்துவிட்டு மஹாலுக்குப் போனால்தான், 1636-இல் கட்டிய அரண்மனையில் நாம் இப்போது பார்ப்பது கால்வாசிகூட இருக்குமா என்பது உறைக்கும். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பிரித்துக்கொண்டு போனது போக மிஞ்சியது சொர்க்க விலாசமும் நாடகசாலையும்தான்.

மஹாலில் மாலையில் ஒலி ஒளிக் காட்சி உண்டு. 6.45-க்கு ஆங்கிலம், 8 மணிக்குத் தமிழ். இடையிடையே பராமரிப்பு என்று நிறுத்திவிடுவார்கள், அதனால் காலையில் நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டு வையுங்கள். இன்னொரு இடைஞ்சலும் இருக்கிறது. பெரிய கோயிலில் இரவு ஒன்பது மணி சுமாருக்குச் சொக்கநாதரின் பாதத்தைப் பல்லக்கில் வைத்து மேளதாளத்தோடு அம்மன் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். எட்டு மணிக் காட்சிக்கு உட்கார்ந்தால் பள்ளியறை பூஜை கிடைக்காது. என்னைக் கேட்டால் காட்சியை விட்டுவிடலாம், பல்லக்கை விடக் கூடாது.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் காந்தி அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனைக் கட்டடம். 1959-இல் நேரு திறந்து வைத்தது. சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறைத் துணி இங்கே இருக்கிறது. மதிய இடைவேளைக்குப் பிறகு இரண்டு மணிக்குத் திறப்பார்கள். காந்தி 1921 செப்டம்பர் 22-இல் அரையாடைக்கு மாறியது மேலமாசி வீதி வீட்டில். இன்று கீழே கதர்க் கடை, மாடியில் நினைவிடம். சாயங்காலம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் போதும். அங்கே மண் எடுத்தபோதுதான் முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்தார் என்பார்கள்.

இரண்டாம் நாள் ஆறு மணிக்குள் சமணமலை அடிவாரத்தில் இருக்க வேண்டும். தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டை போகிற வழியில் இடப்பக்கம் பிரிந்தால் கீழக்குயில்குடி. தாமரைக் குளம், பெரிய ஆலமரம், அய்யனார் கோயில். கோயிலுக்குப் பின்னாலேயே பாறையில் வெட்டிய படிகள். முட்டிவலி இல்லாதவர்களுக்கு இருபது நிமிஷ ஏற்றம். ஏறினால் வருகிற பேச்சிப்பள்ளத்தில் பாறை முகத்தில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள், மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி என்று. கீழே ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு வட்டெழுத்து, பழைய தமிழ் எழுத்து வகை. வெயில் சாய்ந்து விழும்போதுதான் எழுத்தின் பள்ளம் நிழல் கட்டித் தெளிவாகத் தெரியும், உச்சிவெயிலில் வெறும் பாறைதான். இன்னும் மேலே ஏறினால் ஒரு சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. எட்டரைக்குள் இறங்கிவிடுங்கள். பாறை சூடேறிவிட்டால் இறங்குவது ஏறுவதை விடக் கஷ்டம். மேலே கடை எதுவும் கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கட்டாயம்.

இதோடு திரும்பிவிடுகிறவர்கள் செட்டிப்புடவு என்ற குகையைத் தவற விடுகிறார்கள். அது இதே மலையின் இன்னொரு பக்கம், வண்டியில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஏற்றம் குறைவு, வயதானவர்களும் போகலாம். குகைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரர் இந்த மலையிலேயே பெரிய சிற்பம். உள்ளே குனிந்து பார்த்தால் விதானத்தையொட்டி, சிங்கத்தின் மேல் அமர்ந்து யானைமேல் வருகிறவனோடு வில்லேந்திப் போர் செய்கிற ஓர் இயக்கி, சமணத்தின் பெண் காவல் தெய்வம். கைபேசி வெளிச்சம் இல்லாமல் தெரியாது.

அங்கிருந்து திருப்பரங்குன்றம் பக்கம்தான், ஒன்பதரைக்குப் போய்விடலாம். முருகனைப் பார்த்ததும் எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். கருவறை ஒரே பாறையில் குடைந்தது, அதிலேயே துர்க்கையும் பிள்ளையாரும், எதிரெதிராகச் சிவனும் பெருமாளும் இருக்கிறார்கள். ஐந்து பேரையும் எண்ணிக் கும்பிட்டுவிட்டு நகருங்கள். கல்வெட்டுப்படி 773-ஆம் வருஷத்து வேலை. மலையின் தென்புறத்தில் உமையாண்டார் குடைவரை, சமணக் குகையாக இருந்து பதிமூன்றாம் நூற்றாண்டில் சிவன் கோயிலானது. அங்கே கூட்டமே இருக்காது.

பதினொன்றரைக்குச் சுற்றுச்சாலை பிடித்து விரகனூர் வழியாகக் கீழடி போய்விடுங்கள். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. எழுத்துப் பொறித்த பானையோடுகளுக்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் பார்ப்பவர்களுக்கு இரண்டு மணி நேரம் ஓடிவிடும். அருகே நல்ல சாப்பாட்டுக் கடைகள் குறைவு, போகிற வழியிலேயே சாப்பிட்டுக்கொள்வது நல்லது.

மாலையில் யானைமலை. மேலூர் ரோட்டில் ஒத்தக்கடையில் திரும்பினால் நரசிங்கம். பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி 770-இல் குடைவித்த யோக நரசிம்மர். அவர் முடிப்பதற்குள் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முன்மண்டபத்தை முடித்தார். பரங்குன்றக் குடைவரையும் இதுவும் ஒரே அரசன் காலத்தில் மூன்று வருஷ வித்தியாசத்தில் வந்தவை என்பதால் ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பதில் ஒரு சுவை இருக்கிறது. பக்கத்திலேயே லாடன் கோயில், சின்ன முருகன் குடைவரை.

அழகர்கோயிலை இந்த இரண்டு நாளுக்குள் திணிக்க வேண்டாம். அதற்கு ஒரு தனிக் காலை வேண்டும். வடக்கே 21 கிலோமீட்டர், பெரியார் நிலையத்திலிருந்தும் மாட்டுத்தாவணியிலிருந்தும் டவுன் பஸ் உண்டு. முதலில் மேலே போய்விட்டுப் பிறகு கீழே வருவதுதான் சரி. ராக்காயி அம்மன், நூபுர கங்கை, இறங்கும்போது பழமுதிர்சோலை. கோயில் வண்டியில் போய் வரலாம். சாயங்காலமானால் மலைப்பாதையை அடைத்துவிடுவார்கள், அதனால் நாலு மணிக்குக் கிளம்பி வருவது வீண். பிளாஸ்டிக் பை கையில் இருந்தால் குரங்கு பிடுங்காமல் விடாது. உள்ளே தேங்காய் இருக்கிறதா துணி இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. கீழே கள்ளழகரைப் பன்னிரண்டுக்குள் தரிசித்துவிட வேண்டும். மேலே பார்த்தால் விமானம் வட்டமாக இருப்பது தெரியும். பதினெட்டாம்படிக் கருப்பருக்குச் சிலை இல்லை, சாத்திய கதவுதான் சாமி. பிரசாதக் கடையில் தோசை கேளுங்கள். மிளகு மணக்கிற, நெய்யில் வெந்த, கனத்த தோசை. ஒன்றை நாலு பேர் பிய்த்துத் தின்னலாம்.

வெளியூர் பஸ் விஷயத்தில் ஒரு குழப்பம் வரும். சென்னை, திருச்சி, நெல்லைப் பக்கம் என்றால் மாட்டுத்தாவணி. தேனி, கொடைக்கானல், திண்டுக்கல், கோவைப் பக்கம் என்றால் ஆரப்பாளையம். இரண்டும் ஊரின் இரு முனை. ஆட்டோவில் மீட்டர் எதிர்பார்க்காதீர்கள், ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். இரண்டாம் நாளுக்கு மட்டும் ஒரு கார் எடுத்தால் ஆட்டோ மாற்றி மாற்றிப் போவதை விட மலிவு, காத்திருப்புக்கும் சேர்த்துப் பேச வேண்டும்.

சித்திரைத் திருவிழா நாட்களில் இந்தத் திட்டம் எதுவும் செல்லாது. திருக்கல்யாணத்திலிருந்து அழகர் ஆற்றில் இறங்கித் திரும்பும் வரை மாசி வீதிக்குள் வண்டி நுழையாது, அறைகள் மாதக்கணக்கு முன்பே தீர்ந்துவிடும். திருவிழாவுக்காகவே வருகிறவர்கள் தல்லாகுளம் பக்கம் தங்கினால், வருகிற அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையை நடந்தே போய்ப் பார்க்கலாம்.