ரொறன்ரோ அடுக்குமாடியில் சின்னப் பிள்ளைகளோடு தைப்பொங்கல்

கனடாவில் தைப்பொங்கலுக்கு விடுமுறை இல்லை. பெரும்பாலும் வேலைநாளில்தான் வரும். அதனால் பல வீடுகளில் பொங்கல் சனி ஞாயிறுக்கு நகர்ந்துவிடுகிறது. உறவினரைக் கூப்பிட்டுச் சாப்பிடுவதற்கு வார இறுதி நல்லதுதான். ஆனால் மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பால் பொங்குவதை மட்டும் உரிய நாளில், உரிய நேரத்தில் பார்க்கச் செய்யுங்கள். அந்த வயதுப் பிள்ளையின் மனதில் நிற்பது பானை விளிம்பைத் தாண்டி நுரை வழிகிற அந்த ஒரு கணம். மற்றதெல்லாம் நகரலாம், சுருங்கலாம்.

கனடாக் குளிர்காலம் இதற்கு ஒரு வசதி செய்து தந்திருக்கிறது. ஜனவரி நடுப்பகுதியில் ரொறன்ரோவில் சூரியன் உதிப்பது காலை 7:48 அளவில். பிள்ளைகளை இருட்டில் எழுப்பத் தேவையில்லை. பள்ளிக்கூடத்துக்கும் நேரம் இருக்கும். ஊருக்கும் இங்குமான குளிர்கால நேர வித்தியாசம் பத்தரை மணித்தியாலம். யாழ்ப்பாணத்தில் காலை 6:30க்கு முற்றத்தில் பானை வைக்கும்போது இங்கே முதல்நாள் இரவு 8 மணி. பிள்ளைகள் படுக்கப் போகுமுன் அம்மம்மாவின் முற்றத்துப் பொங்கலைக் கைபேசியில் நேரடியாகப் பார்க்கலாம். கோலம், மூன்று கல் அடுப்பு, மாவிலை, கரும்பு எல்லாம் அங்கே கண்ணால் கண்டுவிட்டால், மறுநாள் காலை நம் சின்ன அடுப்பில் நடப்பது என்னவென்று அவர்களுக்கே விளங்கும். காலையில் இங்கே பால் பொங்கும்போது அங்கே மாலை ஆறே கால், விளக்கு வைக்கிற நேரம்; அப்போது நாம் காட்டலாம். சங்கிராந்தி நேரம் இங்கத்தைய மணிக்கு மாறும்போது தேதி சில ஆண்டுகளில் ஒரு நாள் மாறும். ஆகவே ஊர் நாட்காட்டியை மட்டும் நம்பாமல் உங்கள் பக்கத்துக் கோயில் சொல்லும் நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த யன்னலடியில் பொங்குவது என்பதில் பலர் ஏமாறுவார்கள். கிழக்கு யன்னலில் காத்திருந்தால் சூரியன் தெரியாமல் போகலாம். இந்த மாதத்தில் ரொறன்ரோவில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து 30 பாகையளவு தெற்கே தள்ளி எழும்பும். தென்கிழக்குப் பார்த்த யன்னல்தான் வேண்டும். முகில் மூடிய காலைகளும் இங்கே நிறைய. வெளிச்சம் வருகிற திசையைக் காட்டிக் கும்பிடச் சொன்னால் போதும்.

அடுப்புக்கு வருவோம். மண்பானையை இங்குள்ள மின்சுருள் அடுப்பில் வைத்தால் வெடிக்கக்கூடும். இன்டக்சன் அடுப்பில் மண்பானையும் பித்தளையும் சூடாகவே மாட்டா. காந்தம் ஒட்டுகிற எவர்சில்வர் பானை, ஒன்றரை லீற்றர் கொள்வது, வாய் ஒடுங்கியது எடுங்கள். வாய் அகன்ற சட்டியில் பால் கொதிக்கும், எழும்பாது. யன்னலடியில் ஒற்றை இன்டக்சன் அடுப்பை வைத்து, அதன் கீழே விளிம்பு உயர்ந்த பேக்கிங் தட்டு ஒன்றை வையுங்கள். வழிகிற பால் தொடுபலகையில் பட்டால் அடுப்பு தானாக நின்றுவிடும். பொங்குகிற நேரத்தில் பிள்ளைகளுக்கு அதைவிட ஏமாற்றம் வேறில்லை. பொத்தான் பக்கத்துக் கால்களின் கீழ் மடித்த மட்டையைச் செருகி ஒரு விரல் அளவு உயர்த்திவிட்டால் பால் மறுபக்கம், யன்னல் பக்கமாக வழியும். இந்த அடுப்புகள் பல 1800 வாட் வரை இழுக்கும். சாதாரணச் சுவர் இணைப்பின் முழுக் கொள்ளளவே அவ்வளவுதான். அதே சுற்றில் கேத்திலையும் போட்டால் பிரேக்கர் விழும்.

ஹோமோ பால் (முழுக் கொழுப்புப் பால்) இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. விளிம்புக்கு இரண்டு சென்ரிமீற்றர் கீழே வரை ஊற்றுங்கள். மேலே படரும் ஆடை நீராவியைப் பிடித்து வைப்பதால்தான் பால் எழும்புகிறது. தண்ணீர் கூடினால் அந்த ஆடை பிடிக்காது. பெரிய பானை வைத்தால் இருபது நிமிடம் ஆகும், மூன்று வயதுப் பிள்ளை அதற்குள் விளையாட்டுச் சாமானைத் தேடிப் போய்விடும். இந்தச் சின்னப் பானை ஏழெட்டு நிமிடத்தில் பொங்கும். 7:38க்குப் போட்டால் சரி. பானையிலிருந்து ஒரு மீற்றர் தள்ளித் தரையில் நிற ஒட்டுநாடா ஒட்டி, “பொங்கலோ பொங்கல்” சொல்லும்வரை அதைத் தாண்டக்கூடாது என்று முதல்நாளே பழக்கிவிடுங்கள்.

ஊரில் பால் பொங்கும்போது கொளுத்துகிற சீனவெடி கனடாவில் தடை. குமிழ்ப் பொதியுறையை (bubble wrap) தரையில் விரித்து, பால் வழியும்போது அதன்மேல் குதிக்க விடுங்கள். நல்ல சத்தம் வரும். கைக்குழந்தை இருந்தால் முடிந்தவுடன் எடுத்துவிட வேண்டும்.

வழிந்ததும் அடுப்பை நிறுத்துங்கள், நுரை இறங்கும். பாதிப் பாலை வேறு பாத்திரத்தில் அள்ளி வைத்துவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்து நீளக் காம்பு அகப்பையால் மூன்று தரம் அரிசி போடச் செய்யுங்கள். வெறுங்கையால் போட விட்டால் ஆவி சுடும். அந்த அரிசி மெல்லிய சூட்டில் வேக இருபத்தைந்து நிமிடம் வேண்டும். அதற்குள் குக்கரில் ஒரு கப் பச்சையரிசி, கால் கப் வறுத்த பயறு, மூன்று கப் தண்ணீர் வெந்திருக்கட்டும். பாலைக் குக்கருக்குள் ஊற்றி வேகவைக்காதீர்கள், அடிப்பிடிக்கும். இரண்டையும் சேர்த்துக் குழைத்த பிறகே சர்க்கரை. ஒரு கப் பனங்கட்டியோ சர்க்கரையோ, அரைக் கப் தண்ணீரில் உருக்கி வடித்து ஊற்றுங்கள். அரிசி வேகுமுன் போட்டால் விறைத்துப்போகும்; பால் கொதிக்கும்போது போட்டால் திரையும். அள்ளி வைத்த பாலை அளவு பார்த்துச் சேர்த்து, கடைசியில் அரைக் கப் தேங்காய்ப் பால், ஏலக்காய், கஜு (முந்திரிப் பருப்பு).

சாம்பிராணிப் புகைக்கு அலாரம் அடிக்கும் என்று அதைக் கழற்றி வைப்பது ஒன்ராறியோவில் குற்றம். புகைபோக்கி விசிறியைப் போட்டு அதனடியில் காட்டுங்கள். கற்பூரத்தில் இன்னும் கவனம் வேண்டும். படையல் தட்டில் கற்கண்டும் கற்பூரமும் ஒரே வெள்ளைக் கட்டிதான் பிள்ளையின் கண்ணுக்கு. சின்னப் பிள்ளை ஒன்றிரண்டு கட்டி விழுங்கினாலே வலிப்பு வரலாம். பூட்டிய அலுமாரியில் வைத்துத் தேவைக்கு ஒன்று எடுங்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே நச்சு உதவி இலக்கமான 1-844-764-7669ஐ அழையுங்கள். வலிப்பு வந்தால் 911.

கோலத்துக்குக் கடை அரிசிமா தனியே விரலில் ஒட்டும். சம அளவு வெள்ளை ரவை கலந்தால் பிள்ளையின் பிஞ்சு விரலுக்குள்ளும் சரளமாக இறங்கும். நான்கு வயதுப் பிள்ளைக்குக் கறுப்பு மட்டையில் மூன்றுக்கு மூன்று புள்ளிகள் போதும். முற்றம் உள்ள வீடென்றால் பனியில் வெள்ளை மா தெரியாது. பீட்ரூட் அவித்த தண்ணீரை நன்றாக ஆறவிட்டு, கூர்வாய்ச் சோஸ் போத்தலில் ஊற்றிப் பனியில் கோடு இழுக்கச் சொல்லுங்கள். பனி உருகும்வரை நிற்கும். சூடாக ஊற்றினால் கோடு பள்ளமாகிவிடும்.

பள்ளிக்கூடத்துக்கு முதல் வாரமே எழுதிக் கொடுங்கள். ஜனவரி தமிழ் மரபுத் திங்கள் என்று ஒன்ராறியோ 2014இலும், கனடா நாடாளுமன்றம் 2016இலும் ஏற்றிருக்கின்றன. அதைச் சொன்னால் ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு பாடவேளை தருவதுண்டு. ஆனால் பொங்கலைக் கொண்டுபோகாதீர்கள். கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கான சப்ரினா சட்டம் 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. பல பள்ளிகளில் கொட்டை வகை உணவுக்கே இடமில்லை. கோல மட்டையும் கலந்த மாவும் கொடுத்துவிட்டால் வகுப்புப் பிள்ளைகளும் கைவைக்கலாம்.

உங்கள் பிள்ளையின் மத்தியானச் சாப்பாட்டுக்குரிய பங்கைக் கஜு சேர்க்குமுன் சுத்தமான கரண்டியால் எடுத்துவிடுங்கள். வீட்டிலும் நான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முழுக் கஜு தொண்டையில் சிக்கும், பொடித்துப் போடுங்கள். தேங்காய்ப் பால் ஆறினால் புக்கை (பொங்கற் சோறு) கட்டியாகிவிடும். தெர்மஸ் டப்பாவில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்து, அதைக் கொட்டிவிட்டு, கொஞ்சம் தளர்வாகக் கரைத்த சூட்டுப் புக்கையை நிரப்பி இறுக்கி மூடுங்கள். மத்தியானம் திறக்கும்போதும் இளஞ்சூடாக இருக்கும்.