அரசு மனநலப் பிரிவில் சிகிச்சை: தொடங்குவதும் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும்

தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்தில் இருந்தாலும் மனநல மருத்துவரைக் காசில்லாமல் பார்க்கலாம். மாத்திரைக்கும் காசு கிடையாது. ஆனாலும் "கீழ்ப்பாக்கத்துக்குத்தான் கூட்டிட்டுப் போகணுமா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேவையில்லை. மாவட்ட மனநலத் திட்டம் 1997இல் திருச்சியில் தொடங்கி, இப்போது எல்லா மாவட்டங்களிலும் நடக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, அங்குள்ள மனநலப் பிரிவுதான் முதல் வாசல். திட்டக் குழு குறிப்பிட்ட கிழமைகளில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் சில ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வரும். எந்தக் கிழமை, எந்த ஊர் என்பதை மனநலப் பிரிவிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் நாள் போவது பெரிய காரியமில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்துச் சிகிச்சை நின்றுபோகிறதே, அதைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

போவதற்கு முன்பே பேச வேண்டுமென்றால் 14416. டெலி மானஸ் என்ற இந்தச் சேவை 2022 அக்டோபரில் வந்தது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்றில்லை, அம்மாவோ மனைவியோ கூப்பிட்டு ஆலோசனை கேட்கலாம்.

"எனக்கு ஒண்ணுமில்லை, நான் வரமாட்டேன்" என்பவரை எப்படி அழைத்துப்போவது? கல்யாணம், கோயில் என்று பொய் சொல்லி வண்டியில் ஏற்றாதீர்கள். அன்றைக்குக் காரியம் ஆகும், அடுத்த மாதம் அவர் வாசலைத் தாண்ட மாட்டார். அவரே ஒத்துக்கொள்கிற தொந்தரவு ஒன்று கட்டாயம் இருக்கும், பெரும்பாலும் தூக்கம்தான். "ராத்திரி தூக்கமே இல்லன்னு சொல்றியேப்பா, அதுக்கு டாக்டரைப் பார்ப்போம்" என்பதில் பொய் எதுவும் இல்லை. சாப்பாட்டில் மாத்திரையைக் கலப்பது, பொய் சொல்லி அழைத்துப்போவதைவிட ஆபத்து. ஏற்கெனவே சந்தேகத்தில் இருப்பவர் அதைக் கண்டுபிடித்துவிட்டால் சாப்பாட்டையே நிறுத்திவிடுவார்.

தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்துகொள்ளும் நிலை என்றால் 108ஐக் கூப்பிடுங்கள், காவல் நிலையத்துக்கும் சொல்லலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 100ஆம் பிரிவின்படி அப்படிப்பட்டவரைக் காவலர்கள் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. தற்கொலைக்கு முயன்றவர் என்றால் கேஸ் வரும் என்று பயந்து "வயித்து வலி" என்று சொல்லிச் சேர்ப்பவர்கள் உண்டு. உயிரே போய்விடக்கூடிய பொய் அது. சரியான முறிமருந்து போய்ச் சேராது. அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், வழக்குத் தொடர்ந்து தண்டிக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது.

ஓபி காலையில்தான். 8 மணிக்குள் சீட்டு வாங்கிவிட்டால் மதியத்துக்குள் மருந்தோடு வெளியே வரலாம். கூட்டம் அதிகம், மருத்துவர் உங்களோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். ஆகவே ஒரு முழுப்பக்கத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போதிலிருந்து, முதலில் மாறியது எது, தூக்கம் எத்தனை மணி நேரம், தனியாகப் பேசுகிறாரா, சாக வேண்டும் என்று சொன்னாரா, குடி உண்டா, வலிப்பு வந்ததுண்டா, சர்க்கரை, தைராய்டு இருக்கிறதா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா. ஏற்கெனவே சாப்பிட்ட மாத்திரைகளின் காலி அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்று சொன்னால் யாருக்கும் புரியாது. கூட வருபவர் அவரோடு ஒரே வீட்டில் இருப்பவராக இருக்கட்டும். வெளியூரிலிருந்து வந்த அண்ணனுக்கு ராத்திரி நடப்பது தெரியாது.

இனி மருந்து. சிகிச்சை அறுந்துபோவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூவாக்ஸெட்டின், எஸ்சிடாலோபிராம் போன்றவை வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். வயிற்றுப் பிரட்டல், படபடப்பு போன்ற தொல்லைகளோ முதல் வாரமே வந்துவிடும். நல்லது இன்னும் வரவில்லை, கெட்டது வந்துவிட்டது என்ற அந்த இடைவெளியில்தான் பலர் நிறுத்துகிறார்கள். இதை முதல் நாளே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும்.

மனச்சிதைவு போன்ற நோய்களுக்குத் தரும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்றவற்றை ஆரம்பித்த முதல் சில நாட்களில் சிலருக்குக் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், கண் மேலே சொருகும், தாடை இறுகும், நாக்கு வெளியே தள்ளும். வீடே கதிகலங்கிவிடும். பேய் வந்துவிட்டது என்று மந்திரிக்க ஓடுபவர்களும் உண்டு, மாத்திரையைக் குப்பையில் போடுபவர்களும் உண்டு. இது தெரிந்த பக்கவிளைவுதான். மாத்திரை அட்டையோடு பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ப்ரோமெதசின் ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தசை தளர்ந்துவிடும். அடுத்த ஓபி நாளில் இதை மறக்காமல் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்கள் அல்லது மாத்திரையை மாற்றுவார்கள்.

மனநிலை ஏற்றத்தாழ்வு நோய்க்குத் தரும் லித்தியத்தைச் சாப்பிடுபவர் ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும். கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தம்தான் செல்லும். காலை மாத்திரையை விழுங்கிவிட்டுப் போய் ரத்தம் கொடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டி, மருந்தைத் தேவையில்லாமல் குறைத்துவிடுவார்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி, வெயிலில் கடும் வேர்வை என்றால் லித்தியம் உடம்பில் தேங்கும், கை நடுக்கமும் தள்ளாட்டமும் வந்தால் அன்றே மருத்துவமனை. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கடையில் வாங்கிப் போடக் கூடாது. மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவுக்குத் தரும் க்ளோஸபினுக்கு முதல் 18 வாரம் வாரா வாரம் ரத்த அணுக்களின் எண்ணிக்கை பார்க்க வேண்டும். கர்ப்பமாகக்கூடிய வயதிலுள்ள பெண்ணுக்கு வால்ப்ரோயேட் (வலிப்புக்கும் மனநிலை ஏற்றத்தாழ்வுக்கும் தரும் மாத்திரை) எழுதினால் அதை மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். குழந்தையைப் பாதிக்கும் மருந்து அது. கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

சாவு எண்ணம் உள்ள வீட்டில் மாத்திரைப் பை பூட்டிய பெட்டியில் இருக்கட்டும், சாவி வேறொருவரிடம்.

நிலைமை ஓரளவு சீரானதும், "இனி எங்க ஊர்ப் பக்கமே வாங்கிக்கலாமா?" என்று நீங்களே கேளுங்கள். மருத்துவர் தானாகச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம். நோட்டில் நோயின் பெயர், மருந்தின் வேதிப் பெயர், அளவு மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். ஊருக்கு வரும் குழுவிடம் அந்த மருந்து இருக்கிறதா என்று போனில் விசாரித்துவிட்டு மாறுங்கள். ரத்தப் பரிசோதனை வேண்டியிருப்பதால் லித்தியம், க்ளோஸபின் சாப்பிடுபவர்கள் பெரிய மருத்துவமனையிலேயே தொடர்வதுதான் நல்லது. கையில் ஐந்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்த தவணைக்குக் கிளம்பிவிடுங்கள். பண்டிகையும் தேர்தலும் மழையும் ஓபி நாளைத் தின்றுவிடும்.

கவுன்சிலிங் என்று வரும்போது நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. மருத்துவ உளவியலாளர்கள் குறைவு, தனியாக நாள் குறித்து வாங்க வேண்டும். சென்னையில் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993இல் தொடங்கிய தி பான்யன் போன்ற தொண்டு நிறுவனங்கள் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகின்றன. பராமரிப்பவர்களுக்கே தூக்கம் போய்விட்டால் அவர்களும் தங்கள் பெயரில் ஒரு ஓபி சீட்டு போட வேண்டும்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதை யாரும் தடுக்கவில்லை, மாத்திரையும் கூடவே போகட்டும். சங்கிலி மட்டும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது, கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் கருகியவர்களை மறக்க முடியாது. சங்கிலியால் கட்டுவதை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தடை செய்கிறது.

குழந்தை பேசத் தாமதமானால், கூப்பிட்டால் திரும்பாவிட்டால், முதலில் காது பரிசோதனை. அடுத்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம். பேச்சுப் பயிற்சி முதலானவை அங்கே இலவசம். 18 வயது வரை பார்ப்பார்கள் என்றாலும், மூன்று வயதில் போவதற்கும் ஏழு வயதில் போவதற்கும் வித்தியாசம் அதிகம்.

நாட்பட்ட மனநோய்க்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் உண்டு, யூடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்த அடையாள அட்டை) இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தன்னைப் பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்ற நான்கையும், நோய் எத்தனை வருடம் என்பதையும் வைத்து மதிப்பெண் போடுவார்கள். 40 சதவீதம் வந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். இங்கே குடும்பங்கள் கௌரவம் பார்த்து "இப்ப நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிடுகின்றன. யார் சொல்லிக் குளிக்கிறார், எத்தனை தடவை சொன்ன பிறகு குளிக்கிறார், கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறை சரியாக வாங்கி வருகிறாரா என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பழைய ஓபி நோட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், எத்தனை வருடம் என்பதற்கு அவைதான் ஆதாரம். அட்டை கைக்கு வந்ததும் அது எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். தற்காலிகம் என்றிருந்தால் காலாவதிக்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கக் கொடுங்கள்.