கரையோரச் சிறு நகரத்துக்குப் போனால்

பலரும் கடலைப் பார்த்து நாலு படம் எடுத்துவிட்டு மதியமே கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அது சரிப்படாது. விடியும் முன்பே படகுத் துறைக்குப் போய்விடுங்கள். வலையிலிருந்து மீனை உதறி எடுப்பது, ஐஸ் உடைப்பது, ஏலக் கூச்சல் எல்லாம் வெயில் ஏறினால் அடங்கிவிடும். அப்புறம் ஓதம் (கடல் நீர்மட்டம்) ஏறி இறங்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள், அது தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், நீர் வற்றியிருக்கும்போதுதான் பாறை இடுக்குகளில் நண்டும் சிப்பியும் கண்ணில் படும் (பாசி வழுக்கும், கவனம்). அருங்காட்சியகம் இருந்தால் உச்சி வெயிலுக்கு ஒதுக்கலாம். இரவில் கலங்கரை விளக்கம்: அருகருகே இருப்பவை ஒரே மாதிரி மினுக்குவதில்லை, அந்த வித்தியாசத்தை வைத்தே மாலுமிகள் எந்தக் கரை என்று கண்டுபிடிப்பார்கள். இரண்டு வெளிச்சத்துக்கு நடுவே எத்தனை விநாடி என்று எண்ணிப் பாருங்கள், குழந்தைகள் கூட இருந்தால் இன்னும் ஜாலி.