அத்தையின் சுண்டுவிரலும் காப்பீட்டு அட்டையும்

போன ஐப்பசியில் அத்தைக்கு நெஞ்சடைத்தது. வயது 67. கடையநல்லூர் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார், மகன் திருப்பூரில். பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துவிட்டு, ஆஞ்சியோ பார்த்தே ஆகவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். பதற்றத்தில் திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். காப்பீட்டு அட்டைதான் இருக்கிறதே என்ற தைரியம்.

அட்டை இருந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் 2012-ல் தொடங்கிய புதிதில் வாங்கியது. அதில் குடும்பத் தலைவர் மாமா. மாமா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அத்தை பெயர் அட்டையில் பேச்சி, ஆதாரில் பேச்சியம்மாள். மாவட்டம் திருநெல்வேலி என்றிருக்கிறது. நாங்களோ 2019 நவம்பரிலேயே தென்காசி மாவட்டமாகிவிட்டோம். எல்லாவற்றுக்கும் மேல், எந்த ரேஷன் கார்டை வைத்து அந்த அட்டையைப் போட்டார்களோ அந்தக் கார்டே இப்போது கிடையாது. ஸ்மார்ட் கார்டு வந்தபோது அத்தைக்குத் தனிக் கார்டு வாங்கிக் கொடுத்தவன் நான்தான். அதைக் காப்பீட்டிலும் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

காப்பீட்டு கவுண்டர் பெண் ஸ்மார்ட் கார்டு எண்ணை அடித்துப் பார்த்துவிட்டு, "இவங்க பேர்ல ஒண்ணும் வரலையே" என்றார். அட்டையைச் சரிசெய்து கொண்டுவந்தாலும், நல்ல ஸ்டென்ட் (அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கிற சின்னக் குழாய்) வேண்டுமென்றால் கூடுதலாக 40,000 கட்ட வேண்டியிருக்கும் என்று காதோடு காதாக ஒரு தகவலும் சொன்னார். டாக்டர் மாத்திரை கொடுத்து, ரொம்பத் தள்ளிப் போடாதீர்கள் என்று அனுப்பினார்.

இதற்குள் சொந்தக்காரர்கள் குரூப்பில் ஆளுக்கொரு யோசனை. 'மோடி கார்டு போடு, தனியா 5 லட்சம் வரும்' என்றார் ஒரு சித்தப்பா. அவர் சொன்னது 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய முதியோர் அட்டை. வருமான வரம்பு கிடையாதுதான், ஆனால் 70 நிறைந்திருக்க வேண்டும். அத்தைக்கு இன்னும் மூன்று வருஷம் பாக்கி. மற்றபடி பிரதமர் காப்பீடும் முதலமைச்சர் காப்பீடும் தமிழ்நாட்டில் 2018 செப்டம்பரிலிருந்தே ஒன்றாகத்தான் ஓடுகின்றன. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டேன். பழைய அட்டையோடு மல்லுக்கட்ட வேண்டாம், ஸ்மார்ட் கார்டை வைத்துப் புதிதாகப் பதியுங்கள் என்றார்கள். 40,000 பற்றியும் கேட்டேன். திட்டத்தில் உள்ள சிகிச்சைக்குக் கையிலிருந்து காசு கட்டவே கூடாது என்று பதில் வந்தது. அத்தோடு அந்த மருத்துவமனை யோசனையை விட்டேன்.

விண்ணப்பத்தில் விஏஓ வருமானம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆண்டுக்கு 1,20,000-க்குள் இருந்தால்தான் செல்லும். அத்தைக்கு வரும்படி என்று இருப்பது முதியோர் பென்ஷன் மாதம் 1,200, அப்புறம் அவ்வப்போது மகன் அனுப்புவது. விஏஓ பேனாவை மூடி வைத்துக்கொண்டு, "பையன் திருப்பூர்ல சம்பாதிக்கான்லா?" என்று கேட்டார். அவன் கார்டு வேறு, குடித்தனம் வேறு என்று ஸ்மார்ட் கார்டைத் திருப்பிக் காட்டினேன். அதில் இருந்தது அத்தை ஒருவர் பெயர் மட்டும். கையெழுத்தாகிவிட்டது. அத்தை பெயர் மகன் கார்டில் இருந்திருந்தால் அவன் வருமானத்தையும் சேர்த்திருப்பார்கள். ஆக, நான் விவரம் தெரியாமல் செய்த ஒரு வேலை இடித்தது, அதே வேலைதான் காப்பாற்றவும் செய்தது.

மறுநாள் ஆட்டோ பிடித்துத் தென்காசி கலெக்டர் ஆபீஸ். காப்பீட்டுப் பிரிவில் போட்டோ எடுத்தார்கள், அடுத்து ரேகை. பிரச்சினையே அங்கேதான். அத்தை பன்னிரண்டு வயதில் மடியில் சுளகை வைத்தவர். ஐம்பது வருஷம் பீடி சுற்றியதில் பெருவிரல், ஆள்காட்டி விரலெல்லாம் தேய்ந்து கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். வலது கை எடுக்கவில்லை. ஈரத்துணியால் துடைத்து வைத்தும் எடுக்கவில்லை. பின்னால் வரிசை முனங்க ஆரம்பித்தது. அந்தத் தம்பி, "ஆதார்ல ரேகையைப் புதுப்பிச்சுட்டு வாங்கம்மா" என்று சொல்ல வாயெடுக்கும்போது அத்தை நிதானமாகச் சொன்னார்: "எய்யா, எடது கை சுண்டுவெரல வைக்கட்டா? பென்ஷன் குடுக்க வார பையன் அதத்தான் வைக்கச் சொல்லுவான்."

பீடி சுற்றுவதில் அந்த விரலுக்கு வேலை இல்லை. ஒரே தடவையில் பச்சை விளக்கு.

காப்பீட்டு எண்ணை வாங்கிக்கொண்டு நேரே ஐகிரவுண்ட், அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவமனை. அரசு மருத்துவமனைக்கு எதற்குக் காப்பீடு என்று பலர் கேட்கிறார்கள். அங்கேயும் இதே திட்டத்தில்தான் பதிகிறார்கள், பணம் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. ஆஞ்சியோ பார்த்ததில் இரண்டு இடத்தில் அடைப்பு இருந்தது. காப்பீட்டு அனுமதி கேட்டு அனுப்புவதற்காக வார்டில் ஒரு பெண் வந்து, அத்தையைக் கட்டிலில் படுத்தபடியே மொபைலில் படம் எடுத்தார். "எதுக்குட்டி இப்பவே போட்டோ எடுக்க, மாலை போடவா?" என்று அத்தை கேட்க, அந்தப் பெண் சிரித்ததில் முதல் படம் ஆடிப்போய், திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் நாள் என் போனுக்கு அனுமதி வந்ததாக எஸ்எம்எஸ். போன் எண் பதிவு செய்யும்போது அத்தையின் பட்டன் போனைக் கொடுக்காமல் என் நம்பரைக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கட்டியது பூஜ்யம். ஆட்டோ, சாப்பாடு, ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து என் கணக்கில் 3,700.

வீட்டுக்கு வந்த பிறகு பிரஷர் மாத்திரையை அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வரும் அக்கா வீட்டிலேயே கொடுத்துவிடுகிறார். ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை மட்டும் மாதாமாதம் நான் போய் வாங்கி வருகிறேன்.

அந்த எஸ்எம்எஸ்ஸை அத்தைக்குப் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. அதிலிருந்த தொகையைக் கேட்டதும் முகம் சுண்டிப்போனது. "மருமவனே, இத பென்ஷன்ல புடிச்சிருவாவளோ?" பிடிக்க மாட்டார்கள் என்று நாலு தடவை சொல்லிப் பார்த்தேன், தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த மாதம் பென்ஷன் பையன் வந்து, சுண்டுவிரலை வைக்கச் சொல்லி, 1,200-ஐயும் எண்ணிக் கையில் கொடுத்த பிறகுதான் எனக்குப் போன் போட்டார்: "முழுசா வந்துட்டு, கேட்டியா."