குடியை விட்டால்தான் அறையா?

வீடில்லாதவர்கள் தங்கும் காப்பகத்தில் இரவு வேலை பார்க்கிறேன் என்று சொன்னதும், "எல்லாம் குடிச்சே தெருவுக்கு வந்தவங்கதானே?" என்று கேட்பார்கள். சிலர் அப்படித்தான். வேலை போய், வாடகை நின்று, சொந்தபந்தம் கதவைச் சாத்திய பிறகு வந்தவர்கள். தெருவுக்கு வந்த பிறகு ஆரம்பித்தவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

வெளியில் படுப்பவர்களுக்கு ராத்திரிதான் பெரும்பாடு. கண்ணயர்ந்தால் பை போய்விடும். அடையாள அட்டை, மாத்திரை எல்லாம் அதில்தான் இருக்கும். "தூங்கினா செருப்பக்கூட உருவிடுறாங்க தம்பி" என்றார் எங்களிடம் வரும் ஒரு பெரியவர். விழித்திருக்க ஒரு போதை, குளிரையும் வலியையும் மறந்து தூங்க இன்னொரு போதை என்று பழகிவிடுகிறது. பெண்களுக்குத் தூங்கவே பயம்.

இதோடு வாசலில் ஒரு விதி: குடித்திருந்தால் உள்ளே இடமில்லை. தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். அப்புறம் நடுக்கம், பிதற்றல்; கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். ஹெராயின் போன்றவற்றில் ஆபத்து வேறு மாதிரி. சில வாரம் விட்டதில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். சிகிச்சை முடித்தவரைத் திரும்பவும் அதே நடைபாதைக்கு அனுப்புகிறோமே, அது என்ன கணக்கோ!

போதை மட்டுமே காரணம் என்றால், அளவு மீறிய போதையால் சாவு விகிதம் அமெரிக்காவிலேயே மிக அதிகமாக இருந்துவந்த மேற்கு வர்ஜீனியாவில்தான் வீடற்றவர்கள் நிரம்பியிருக்க வேண்டும். அங்கே வீடற்றவர்களின் விகிதம் குறைவு. வாடகை எகிறிக் கிடக்கும் கலிபோர்னியாவில்தான் அதிகம்.

1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் வரிசையைத் திருப்பிப் போட்டார். முதலில் வீட்டுச் சாவி; குடியை விட்டாக வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது; உதவிக்கு ஆட்கள் வீட்டுக்கே வருவார்கள். 2008-இல் பின்லாந்து இந்த வழியை நாடு தழுவிய திட்டமாக எடுத்துக்கொண்டது. கனடா 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் சுமார் 2,000 பேரிடம் சோதித்தது. வீடு கிடைத்தவர்களில் பெரும்பாலோர் அதிலேயே நிலைத்தார்கள். போதைப் பழக்கத்தில் மட்டும், இப்படி வீடு தரப்படாதவர்களோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இதை மறைத்துப் பேசும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கூரை போதையைக் குணமாக்காது. ஆனால் கூரை உள்ளவரிடம் "செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு டாக்டரைப் பாருங்க" என்று சொல்லலாம். அவருக்கு மாத்திரை வைக்க ஓர் இடமும் கடிதம் வர ஒரு முகவரியும் இருக்கும்.

எங்கள் வாசலில் ஊதிப் பார்க்கும் கருவியை எடுத்துவிட்டு, தள்ளாடி வருபவர்களுக்குத் தனியாக ஓர் அறையும் ஒரு நர்ஸும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நிர்வாகத்திடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.